கையுறையில் ஒட்டியவை

கிக்கிக்தார்ஜுவாக் தீவுக்கு எதிரே
மே மாதத்துக் கடல்
இன்னும் தரையாகத்தான் கிடக்கிறது.
அதில் சதுரமாக அறுத்த ஒரு துளை.
துளைக்குள் பௌலூசி.
மேலே கூடாரம், இருமும் கம்ப்ரசர்,
மஞ்சள் குழாயைப் பிடித்தபடி
அவன் தங்கை ஒலீபிகா.

இரண்டு இழுப்பு என்றால் கூடையைத் தூக்கு.
மூன்று என்றால் என்னைத் தூக்கு.
இழுப்பே இல்லை என்றால்?
அதைப் பற்றி அவர்கள் பேசிவைக்கவில்லை.

கீழே, பதினெட்டு மீட்டரில்,
பகல் என்பது பச்சையான ஒரு சந்தேகம்.
அதையும் வீணாக்காமல்
சேற்றின் மேல் ஒரு பழுப்புப் படலம்
தேநீர் சிந்திய மேஜைத்துணி மாதிரி
விரிந்து கிடக்கிறது.

அருகே போனால் (அவ்வளவு அருகே
யாருடைய கண்ணும் போகாது)
அத்தனையும் கண்ணாடிச் சிமிழ்கள்.
அடியும் மூடியுமாய்,
உள்ளே பொன்னிறத்தில் கொஞ்சம் உயிர்.
பிரியும்போது ஆளுக்கொரு பாதி.
இரண்டு பேருக்கும் கிடைத்தது மூடிதான்;
அடியை அவரவர் செய்துகொள்ள வேண்டும்.
அடிப்பாதி வாய்த்தவள்
அதையே மூடியாக்கிக்கொள்கிறாள்,
முன்னதைவிட ஒரு நூலளவு சிறியவளாகிறாள்.
அவள் மகள் இன்னும் ஒரு நூல்.
இனிக் குறுக முடியாது என்ற நாளில்
துணை தேடிக் கலந்து,
கண்ணாடியை உதறி வெற்றுடம்பாய் ஊதிப் பெருத்து
முதல் அளவிலிருந்து
மறுபடி தொடங்குகிறது வம்சம்.

டிசம்பரில் ஊருக்குள்
சில மணி நேரமாவது வானம் சாம்பல் பூக்கும்.
இங்கே அதுவும் கிடையாது.
எண்ணெய்த் துளி ஒன்றை மடியில் முடிந்துகொண்டு
மாதக்கணக்கில்
செலவே இல்லாமல் கிடக்கும் இவை
சாகவில்லை என்பதை
யாருக்கும் தெரிவிப்பதில்லை.

வேரில்லை. நீந்தத் தெரியாது.
பயணம் எல்லாம் பிறர் தயவு.
வால்ரஸ் ஒன்று சிப்பி தேடி
மீசையால் சேற்றை உழுதால்
சால் நெடுகப் புகை கிளம்பும்.
அந்தப் புகையில் ஏறிக்கொள்ளும்.
பனிமலை தரைதட்டி உரசிப் போனால் அதில்,
பிய்ந்த கடற்பாசி இலையில்,
வற்றும் நீரோடு, ஏறும் நீரோடு.
எங்கே இறக்கிவிட்டாலும்
அதுதான் ஊர்.

*

ரிமூஸ்கியிலிருந்து வந்த ஒடில்
ஒரு ஜாம் பாட்டிலைக் கொடுத்திருந்தாள்.
ஒரு கரண்டிச் சேறு போதும் என்றாள்.
பௌலூசி கூடை நிறையச் சிப்பியோடு ஏறி வந்தான்.
பாட்டில்?
"கீழேயே இருக்கிறது. மூடி போட்டுத்தான் வைத்தேன்."

ஒடில் கோபப்படவில்லை.
அவன் வலது கையுறையை வாங்கி
விரலிடுக்கில் இருந்த பழுப்பை
வெண்ணெய் தடவும் கத்தியால் வழித்தாள்.

பள்ளிக்கூடத்தின் நுண்ணோக்கியில்
ஒலீபிகா ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.
படகுகள், என்றாள். கயாக் மாதிரி.
பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.
"ஒன்று போகிறது."
போகும், என்றாள் ஒடில்.
வயிற்றுக் கீறல் வழியே பசையைக் கசியவிட்டு
அந்தப் பசையின் மேலேயே வழுக்கிப் போகும்.
"எதை நோக்கி?"
விளக்கை நோக்கி.
ஒலீபிகா கை நீட்டி
விளக்கைக் கொஞ்சம் தணித்தாள்.
யாரோ தூங்கும் அறையில் செய்வதுபோல.

மறுநாள் தெற்கே வேறொரு ஃபியோர்டில்
வேறொரு துளை.
காயாத அதே கையுறை.
பௌலூசி இறங்கினான்.
கண்ணாடிக் குடிகள் எத்தனை
அவனோடு இறங்கின,
எத்தனை அங்கே விளக்கேற்றின
என்று ஒடிலிடம் கணக்கில்லை;
கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

குழாய் கையில் இருக்க
ஒலீபிகா ஒரு சிப்பியைப் பிளந்து
பச்சையாகவே வாயில் போட்டாள்.
இனிப்பு, உப்பு, கடைவாயில் ஒரு நறநறப்பு.
துப்பப் போனவள்
துப்பவில்லை.

இரண்டு இழுப்பு.